தொலைமலைக்கு எந்த லென்ஸ்?

ஒளிப்படக்கலை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என்னிடம் 4×5 அங்குல மரக் கமரா ஒன்று உள்ளது. இதுவரை 150 மி.மீ. லென்ஸ் ஒன்றையே பயன்படுத்தி வருகிறேன். மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கக் கரையில் நின்று சிவனொளிபாதமலையை எடுத்தபோது, மலை படத்தில் ஒரு சிறு கூம்பாகவே விழுந்தது. கமராவின் துருத்தி (லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் இடையிலுள்ள மடிப்புக் கூடு) 320 மி.மீ. வரை நீள்கிறது. 300, 400, 450 மி.மீ. லென்ஸ்களுள் எதை வாங்கலாம்?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: துருத்தியின் நீளத்தையும் அளந்து எழுதியிருக்கிறீர்கள், விடையின் பெரும்பகுதி அந்த அளவிலேயே இருக்கிறது. சாதாரண அமைப்புடைய லென்ஸ் ஒன்று மிகத் தொலைவிலுள்ள பொருளைக் குவிப்பதற்கே தன் குவியத்தூரம் (லென்ஸின் பெயரில் வரும் மி.மீ. எண்) அளவுக்குத் துருத்தி நீள வேண்டும். பொருள் கிட்ட வரவர இன்னும் கூடுதலாக நீள வேண்டும். ஆகவே 300 மி.மீ. லென்ஸ் உங்கள் கமராவில் மலையையும், ஐந்து மீற்றருக்கு அப்பாலுள்ள வேறு எதையும் தடையின்றிக் குவிக்கும். 450 மி.மீ. லென்ஸோ மலையைக்கூடக் குவிக்காது. இதை அளந்து பாராமல் ஒரு 450-ஐ வாங்கி, அது நெடுநாள் அலுமாரியில் கிடந்ததைக் கண்டவன் என்ற முறையில் சற்று அழுத்தியே சொல்கிறேன்.

400 மி.மீ. என்று நீங்கள் குறிப்பிடுவது டெலிபோட்டோ அமைப்புடைய, அதாவது குவியத்தூரத்தைவிடக் குறைந்த துருத்தியிலேயே குவிக்கும், ஃபூஜினான் டி ஆக இருக்குமானால், அதற்குச் சுமார் 250 மி.மீ. துருத்தியே போதும். ஆனால் அதில் வேறொரு சிக்கல் உண்டு. டெலிபோட்டோ லென்ஸை முன்னால் சாய்த்தால், படம் கமராவின் பின்புறக் கண்ணாடித்திரையில் இடம் விட்டு நகரும். ஒவ்வொரு சாய்வுக்கும் சட்டகத்தையும் குவிப்பையும் மீண்டும் சரிசெய்ய நேரும். நீளமான லென்ஸில் இந்தச் சாய்வு அடிக்கடி தேவைப்படும். 300 மி.மீ. லென்ஸை எஃப் 32 என்ற சிறு துளையில் வைத்தாலும், ஏறத்தாழ 28 மீற்றரில் குவித்தால் 14 மீற்றருக்கு அப்பால் உள்ளவையே தெளிவாக வரும். அதற்கு முன்னுள்ள தேயிலைச் செடிகளும் தெளிவாக வேண்டுமென்றால் சாய்க்காமல் முடியாது.

மலை எவ்வளவு பெரிதாக விழும் என்பதையும் கணக்கிட்டுப் பாருங்கள். பத்துக் கிலோமீற்றர் தொலைவில் 1000 மீற்றர் எழும்பி நிற்கும் மலை, 150 மி.மீ. லென்ஸில் 15 மி.மீ. உயரமாகவும், 300இல் 30 மி.மீ. ஆகவும் ஃபிலிமில் பதியும். ஃபிலிமின் குறுகிய பக்கம் ஏறத்தாழ 100 மி.மீ. என்பதால், முன்னே நீரும் மேலே வானும் உள்ள காட்சிக்கு இது போதும் என்பதே என் கருத்து. (கொழும்பு மாடியொன்றில் நின்று, தெளிந்த காலையில் தெரியும் அதே மலையை எடுக்கலாமா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். தொலைவு சுமார் 70 கிலோமீற்றர், 450 மி.மீ. லென்ஸிலும் மலை 15 மி.மீ.க்கு மேல் வராது.)

எனவே 300-ஐயே வாங்குங்கள். நிக்கோர் எம் 300 மி.மீ. எஃப் 9 லென்ஸ் 290 கிராம்தான். மரக் கமராவின் முன்பலகை அதைத் தளராமல் தாங்கும். இத்தகைய லென்ஸ்களில் பொருத்தப்படும் கோப்பல் ஷட்டர்கள் இப்போது உற்பத்தியாவதில்லை என்பதால், பழைய லென்ஸ்தான் கிடைக்கும். ஒரு செக்கன் வேகத்தில் ஷட்டர் இழுபடாமல் மூடுகிறதா என்று காதால் கேளுங்கள். டோர்ச் வெளிச்சத்தில் கண்ணாடிக்குள் பூஞ்சை இழைகள் தெரிகின்றனவா என்றும் பாருங்கள். கொழும்பின் ஈரக்காற்றில் பூஞ்சை விரைவில் பிடிக்கும்; வாங்கிய பின்னர் காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல்லுடன் வையுங்கள்.

முழுதும் நீட்டிய துருத்தி பாய்மரம்போலக் காற்றைப் பிடிக்கும். அதிகாலையில் எஃப் 32இல் ஷட்டர் ஒரு செக்கனோ அதற்கு மேலோ திறந்திருக்கக்கூடும் என்பதால், காற்று வரும் பக்கம் ஒருவரைக் குடையுடன் நிறுத்துங்கள். கறுப்பு வெள்ளை ஃபிலிம் என்றால் செம்மஞ்சள் ஃபில்டர் ஒன்றையும் எடுத்துச் செல்லுங்கள். தொலைவின் நீலப் புகாரை அது ஓரளவு குறைக்கும்.