டொக்டரிட்ட கேளுங்கோ: மெசினில ரத்தம் ஓடினா உடம்பு ஏன் ஊதுது?

கேள்வி: டொக்டர், எங்கட அப்பாவுக்கு 62 வயசு, வயல் செய்யிறவர். இதயத்துக்கு ரத்தம் போற மூண்டு குழாயிலயும் அடைப்பாம், அடைப்பைத் தாண்டி வேற குழாய் தைக்கிற பைபாஸ் செய்யோணும் எண்டிட்டினம். பக்கத்து வீட்டு மாமாவுக்கு போன வருசம் செய்து முகமெல்லாம் ஊதி, ரத்தமும் நிக்காமல் திரும்ப தியேட்டருக்குக் கொண்டுபோனவை. மெசின் இல்லாமலும் செய்யலாமாமே, எது நல்லம்?
- மகள், ஒட்டுசுட்டான்

பதில்: பிள்ளை, மாமாவை நான் பாக்கேல்லை, ஆனா இந்த ரெண்டிலயும், இதயத்தை நிப்பாட்டித் தைக்கேக்க இதயத்தின்ரயும் நுரையீரலின்ரயும் வேலையைச் செய்யிற மெசினுக்குப் பங்கிருக்கு. ரத்தக்குழாயின்ர உள்பக்கம் ரத்தத்தை உறைய விடாது, அதை விட்டு பிளாஸ்ரிக் குழாய்க்குள்ள போன உடனே எங்கயோ காயம் பட்டிட்டுது எண்டு ரத்தம் நினைச்சு உறையப் பாக்கும், கிருமி வந்த மாதிரி வெள்ளை அணுக்களும் கிளம்பும், சின்னக் குழாய்கள் கசிஞ்சு தண்ணி வெளிய வரும், அந்தத் தண்ணிதான் ஊதல். உறையாமல் இருக்க உடம்பு நிறையில கிலோவுக்கு 300, 400 யூனிற் ஹெப்பரின் எண்ட மருந்து குடுப்பம். அப்பிடிக் குடுத்தும் உறைய வைக்கிற தட்டணுக்கள் குழாயில பட்டுப் பட்டுச் செலவாகும், மெசினை நிரப்புற ஒண்டு ஒண்டரை லீற்றர் தண்ணியில மிச்சமும் ஐதாகும், பிறகு நெஞ்சைத் தைக்கேக்க ரத்தம் நிக்காது. உறையுதே எண்டு பயந்து தொடங்கி உறையேல்லையே எண்டு பயப்பிடுறதில முடியும்!

இப்ப உள்பக்கம் ஹெப்பரின் பூசின குழாய், தண்ணி குறைவாப் பிடிக்கிற சின்ன மெசின் எல்லாம் இருக்கு, ரத்தம் ஏத்திற தேவை குறையும். நெஞ்சுக்குள்ள சிந்தின ரத்தத்தை உறிஞ்சி அப்பிடியே திரும்ப விடுறதுதான் கூடாத வேலை, அதைக் கழுவி விடுறது நல்லம். ஸ்ரீரொயிட் குடுத்தா வீக்கம் அடங்கும் எண்டு கனகாலம் நம்பினவை, 2015 இல வந்த பெரிய ஆய்வில 7,500 பேருக்கு மேல பாத்தும் அது உயிரைக் காப்பாத்தேல்லை.

மெசின் இல்லாமல் செய்தா இந்தக் கரைச்சல் குறைவுதான், ஆனா துடிக்கிற இதயத்தில தைக்கிறது லேசில்லை, தைச்ச குழாய் பிறகு அடைபடுற பயமும் கொஞ்சம் கூட. மெசினோடயும் மெசின் இல்லாமலும் செய்த 4,752 பேரை அஞ்சு வருசம் பாத்து 2016 இல ஒரு ஆய்வில சொன்னவை, சாவிலயும் பக்கவாதத்திலயும் பெரிய வித்தியாசம் இல்லையாம். என்னைக் கேட்டா, சேர்ஜன் தினம் எதைச் செய்யிறாரோ அதையே செய்ய விடுங்கோ.

இன்னொண்டு, கடைசியில ஹெப்பரினை முறிக்கக் குடுக்கிற புரொட்டமின் சல்மன் மீன்ர விந்தில இருந்து எடுக்கிறது. அப்பாவுக்கு மீன் ஒத்துக்கொள்ளாட்டி, இல்லாட்டி இன்சுலின் போடுறவர் எண்டா முதலே சொல்லிப்போடுங்கோ.