பாலாஸ்ட், நிலைத்தன்மைக் கட்டுப்பாட்டுப் பணி: ஒரு தந்தையின் கேள்விக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

கப்பல் வடிவமைப்புப் பொறியியலில் இறுதியாண்டு படிக்கும் உங்கள் மகள், பெரிய கப்பல்களின் பாலாஸ்ட் (கப்பல் நிலையாக நிற்கத் தொட்டிகளில் நிரப்பும் நீர்) மற்றும் நிலைத்தன்மைக் கட்டுப்பாட்டு அமைப்புகளைப் புதுப்பிக்கும் பணிக்குச் செல்ல விரும்புவதாகவும், அந்த வேலை சில ஆண்டுகளில் தீர்ந்துவிடுமோ என்று நீங்கள் கவலைப்படுவதாகவும் எழுதியிருந்தீர்கள்.

கவலையில் பாதி நியாயமானது. பாலாஸ்ட் நீரோடு அயல் உயிரினங்கள் கடல் விட்டுக் கடல் பரவுவதைத் தடுக்கும் பன்னாட்டு பாலாஸ்ட் நீர் மேலாண்மை உடன்படிக்கை 2017 செப்டம்பர் 8 அன்று நடைமுறைக்கு வந்தது. பழைய கப்பல்களும் புதிய நீர்த்தர அளவுகோலை எட்டுவதற்கான கெடு 2024 செப்டம்பர் 8 அன்று முடிந்துவிட்டது. சுத்திகரிப்புக் கருவி பொருத்தும் அவசரப் பணியை மட்டும் நம்பி இத்துறைக்கு வருவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆனால் கட்டுப்பாட்டு அமைப்பின் கதை வேறு. கப்பலின் உடல் உழைக்கும் காலம் முழுவதும் அதன் சென்சார்களும் கணினிகளும் தாக்குப்பிடிப்பதில்லை. உதிரிபாகம் கிடைக்காமல் போகும்போது மாற்றியே ஆக வேண்டும். அந்த மாற்றத்தில் கவனம் எவ்வளவு தேவை என்பதற்குக் கார் ஏற்றிச் செல்லும் இரண்டு கப்பல்களே சான்று. 2015 ஜனவரியில் இங்கிலாந்தின் சோலன்ட் நீரிணையில் 'ஹோ ஒசாகா' பெரிதும் சாய்ந்தபோது, அதன் பாலாஸ்ட் அளவுகள் அளந்து பெறப்படாமல் மதிப்பீடாகவே இருந்தன. 2019 செப்டம்பரில் அமெரிக்காவின் பிரன்ஸ்விக் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட 'கோல்டன் ரே' கவிழ்ந்ததற்கு, நிலைத்தன்மைக் கணினியில் பாலாஸ்ட் அளவு தவறாக உள்ளிடப்பட்டதே காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. தொட்டியில் இருக்கும் நீரும் திரையில் தெரியும் எண்ணும் ஒன்றாக இருக்கச் செய்பவரே இத்துறையின் உண்மையான நிபுணர்.

ஆகவே மென்பொருள் கற்பதற்கு முன், கையால் கணக்கிடும் பயிற்சி உங்கள் மகளுக்கு வேண்டும். பாதி நிறைந்த செவ்வகத் தொட்டியில் நீர் அலைபாய்வதால் நிலைத்தன்மை எவ்வளவு குறைகிறது என்று கேட்டுப் பாருங்கள். அந்த இழப்பு தொட்டி அகலத்தின் மூன்றாம் அடுக்குக்கு (அகலம் × அகலம் × அகலம்) ஏற்பக் கூடும் என்றும், நீளவாக்கில் நடுவில் ஒரு தடுப்புச் சுவர் வைத்தால் அது நான்கில் ஒரு பங்காகும் என்றும் தயக்கமின்றிச் சொன்னால், அடித்தளம் உறுதியாக இருக்கிறது என்று கொள்ளலாம். அடுத்து, பி.எல்.சி. (இயந்திரங்களைத் தானாக இயக்கும் தொழிற்கணினி) நிரலாக்கமும் தொலைவிலிருந்து இயக்கும் வால்வுகளின் ஹைட்ராலிக் (திரவ அழுத்த) அமைப்பும் வேண்டும். கப்பல் வடிவமைப்புப் பாடத்திட்டம் பெரும்பாலும் இவற்றைத் தொட்டுவிட்டு நகர்ந்துவிடும்.

முதல் வேலையாகக் கப்பல் பழுதுபார்ப்புத் தளத்தின் வடிவமைப்புப் பிரிவையோ, கப்பலின் கட்டுமானத் தரத்தைச் சரிபார்த்துச் சான்றளிக்கும் வகைப்பாட்டு நிறுவனத்தின் வரைபட ஒப்புதல் பிரிவையோ தேர்ந்தெடுப்பது நல்லது. கருவி விற்கும் நிறுவனத்தில் சம்பளம் கூடுதலாக இருக்கலாம். எனினும் அங்கே ஒரே நிறுவனத்தின் கருவியை மட்டும் அறிந்தவராகத் தேங்கிவிடும் வாய்ப்பு உண்டு. உலர்துறைப் பணி (கப்பலை நீரின்றி நிறுத்திப் பழுதுபார்ப்பது) இரவு பகல் பாராதது என்பதையும் குடும்பத்தில் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். நேர்முகத் தேர்வில் அவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: சாய்வுச் சோதனைக்கும் (எடைகளை நகர்த்திக் கப்பல் எவ்வளவு சாய்கிறது என்று அளந்து அதன் நிலைத்தன்மையைக் கணிப்பது), புதிய அமைப்பைக் கப்பலிலேயே இயக்கிச் சரிபார்க்கும் பணிக்கும் புதியவர்களை அழைத்துச் செல்வார்களா? அழைத்துச் செல்லும் இடத்தில் சம்பளம் சற்றுக் குறைவாக இருந்தாலும் சேரட்டும்.