விண்வெளிப் படங்களின் நிறங்கள் பொய்யா?

நாசா வெளியிடும் படங்களின் நிறங்கள் கணினியில் ஏற்றப்பட்டவை என்றால் அவை மக்களை ஏமாற்றுபவைதானே என்று கேட்டிருக்கிறீர்கள். நிறங்கள் ஏற்றப்பட்டவை என்பது உண்மை. ஏமாற்று என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

கழுகு நெபுலா என்னும் விண்வெளி மேகத்தில் தூண்கள்போல நிற்கும் வாயு, தூசுத் திரள்களைக் காட்டும் ‘படைப்பின் தூண்கள்’ படத்தையே எடுத்துக்கொள்வோம். ஜெஃப் ஹெஸ்டர், பால் ஸ்கோவன் ஆகிய வானியலாளர்களுக்காக ஹபிள் தொலைநோக்கி அதை 1995 ஏப்ரல் 1 அன்று பதிவுசெய்தது. ஹபிளின் கேமரா ஒளியின் அளவை மட்டுமே பதியும் என்பதால், ஒரு குறிப்பிட்ட அலைநீளத்தை மட்டும் உள்ளே விடும் வடிகட்டிகளை மாற்றி மாற்றி வைத்துக் கறுப்பு வெள்ளைப் படங்களாக எடுத்து, பிறகு கந்தகத்தின் ஒளிக்குச் சிவப்பு, ஹைட்ரஜனுக்குப் பச்சை, ஆக்சிஜனுக்கு நீலம் என்று கொடுத்து ஒன்றாக இணைத்தார்கள். இதில் மனம்போன போக்கு எதுவும் இல்லை. அந்த மூன்று ஒளிகளின் அலைநீளங்கள் முறையே சுமார் 673, 656, 501 நானோமீட்டர். நீண்டதற்குச் சிவப்பு, குறுகியதற்கு நீலம் என்ற இயற்கையின் வரிசை அப்படியே காக்கப்பட்டிருக்கிறது.

ஹைட்ரஜனின் ஒளியும் கந்தகத்தின் ஒளியும் நம் கண்ணுக்குச் சிவப்புதான். உள்ளது உள்ளபடி காட்டியிருந்தால் இரண்டும் ஒன்றாகக் கலந்து, தூண்களின் ஓரங்களை ஒட்டிக் கந்தகத்தின் ஒளியும் அவற்றுக்கு அப்பாலுள்ள சூடான வெளியில் ஆக்சிஜனின் ஒளியும் ஓங்கியிருப்பதை, அதாவது இளம் விண்மீன்களின் புற ஊதாக் கதிர்கள் அந்தத் தூண்களை எந்த இடத்தில் அரித்துக்கொண்டிருக்கின்றன என்பதை, இவ்வளவு தெளிவாகப் பார்த்திருக்க முடியாது. (அருகே போய்ப் பார்த்தாலும் பயனில்லை, பரந்து கிடக்கும் மங்கலான ஒளி அருகில் சென்றாலும் பரப்பளவில் பெரிதாகுமே தவிரப் பொலிவில் கூடாது, அவ்வளவு மங்கலில் நம் கண் நிறத்தைச் சரியாகப் பிரித்தறியாது.)

மக்கள் மனத்தில் உண்மையிலேயே தவறான எண்ணம் பதிந்தது நெப்டியூன் விஷயத்தில்தான். 1989 ஆகஸ்டில் வாயேஜர் 2 விண்கலம் அனுப்பிய படங்களில் மேகங்களும் பட்டைகளும் தெரிய வேண்டும் என்பதற்காக நிற வேறுபாட்டை மிகைப்படுத்தினார்கள். அப்போதைய குறிப்புகளில் அதைச் சொல்லவும் செய்தார்கள். ஆனால் படம் கைமாறிப் பரவியபோது குறிப்பு உதிர்ந்துபோக, நெப்டியூன் என்றாலே கருநீலம் என்றாகிவிட்டது. ஹபிள், சிலியில் தரையில் அமைந்த விஎல்டி ஆகிய தொலைநோக்கிகளின் தரவுகளைக் கொண்டு ஆக்ஸ்ஃபோர்டின் பேட்ரிக் இர்வின் குழு 2024இல் வெளியிட்ட ஆய்வு, நெப்டியூனும் யுரேனஸும் ஏறக்குறைய ஒரே வெளிர் பசுநீலம் என்றும், நெப்டியூனில் நீலம் சற்றே கூடுதல் என்றும் காட்டியது. குறிப்பை நீக்கிவிட்டுப் படத்தை மட்டும் பரப்பும் பழக்கத்தின் மீதுதான் எனக்குக் கோபம், நிறமேற்றியவர்கள் மீதல்ல.

ஹபிள், ஜேம்ஸ் வெப் ஆகிய விண்வெளித் தொலைநோக்கிகளின் படங்களுக்கான அதிகாரபூர்வப் பக்கங்களில் எந்த வடிகட்டிக்கு எந்த நிறம் என்ற விவரம் பெரும்பாலும் கொடுக்கப்பட்டிருக்கும். பகிரப்பட்டு வரும் படத்தோடு நிற்காமல் அந்தப் பக்கத்தைத் தேடிப் படியுங்கள்.