லாச்சிக் காசு

அன்புள்ள அக்கா,

தலவாக்கலைப் பக்கம் ஒரு சின்னத் தேநீர்க்கடை வைத்திருக்கிறோம். தேயிலைக் கொழுந்து நிறுத்துவிட்டு வருகிறவர்கள் மடியிலிருந்து எடுத்துத் தரும் காசுத்தாள் ஈரமும் மண்ணுமாக இருக்கும். என் நான்கு வயது மகனுக்கு வயிற்றில் பூச்சித் தொல்லை. கடை மேசையில் காசு போடும் லாச்சியில் கைவிட்டு விளையாடுவதால்தான் என்கிறார் மாமியார். தோட்டத்து ஆட்கள் காசு போடத் தனியாக ஒரு தட்டு வைப்போம் என்கிறார் கணவர். காசிலிருந்து பூச்சி வருமா அக்கா?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சி,

வரலாம். ஆனால் எல்லாப் பூச்சியும் வராது.

நம் தோட்டங்களை அதிகம் வாட்டியது கொழுக்கிப்புழு. 1916-ல் அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் ஆட்கள் இலங்கைக்கு வந்து தோட்டத் தொழிலாளர்களுக்கு மருந்து கொடுக்கத் தொடங்கியது இந்தப் புழுவுக்காகத்தான். அது காசில் வராது. மலம் கலந்த ஈரமண்ணில் குஞ்சு வளர்ந்து, செருப்பில்லாத காலின் தோலைத் துளைத்து உள்ளே போகும். ஒழுங்கான கக்கூஸும் காலுக்குச் செருப்பும் இருந்திருந்தால் எத்தனையோ பேர் இரத்தம் வற்றி வெளிறிப்போயிருக்க மாட்டார்கள்.

உருண்டைப் புழு, அதாவது நாக்குப்பூச்சி, வேறு மாதிரி. ஒரு பெண்புழு ஒரு நாளைக்கு இரண்டு லட்சம் முட்டை வரை இடும். முட்டையின் மேல் தோல் பசை மாதிரி ஒட்டும். விரல், நகம், மரக்கறி, காசுத்தாள் எதிலும் ஒட்டிக்கொள்ளும். ஆனால் இன்று வெளியே வந்த முட்டை இன்றைக்கே நோய் தராது. மண்ணில் இரண்டு மூன்று வாரமாவது கிடந்து முதிர வேண்டும். உங்கள் மகனுக்கு இரவில் ஆசனவாயில் அரிப்பு இருந்தால் அது பெரும்பாலும் கீரைப்பூச்சி, வெள்ளை நூல்துண்டு மாதிரி இருக்கும். அதன் முட்டைதான் அவசரக்காரன். சில மணி நேரத்திலேயே தயாராகிவிடும். பிள்ளை சொறிந்த கையாலேயே பணிஸை எடுத்துத் தின்பான், முட்டை திரும்ப வாய்க்குப் போகும். பாயிலும் தலையணையிலும் இரண்டு வாரம்கூடக் கிடக்கும். ஆக, முதலில் பார்க்க வேண்டியது லாச்சியை அல்ல, அவன் நகத்தை.

தாளில் கிருமி இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. நம் தாள்கள் பருத்தி நாரில் செய்தவை, ஈரத்தையும் அழுக்கையும் குடிக்கும். 1998-ல் சுதந்திரத்தின் 50-ஆவது ஆண்டுக்கு வந்த 200 ரூபாய்த் தாள் மட்டும்தான் பிளாஸ்டிக். சளிக்காய்ச்சல் வைரஸ் சளியோடு கலந்து தாளில் பட்டால் 17 நாள் வரை உயிரோடு இருந்ததாக 2008-ல் சுவிட்சர்லாந்து ஆய்வு ஒன்று காட்டியது. செம்பு, பித்தளைக் காசில் பாக்டீரியா சீக்கிரம் சாகும், எஃகுக் காசில் அது நடக்காது. பஸ்ஸில் கொண்டக்டரைப் பாருங்கள். தாள்களை நீளமாக மடித்து விரலிடுக்கில் செருகியிருப்பார், எச்சில் தொட்டு டிக்கெட்டைக் கிழிப்பார், அதே விரலால் மிச்சம் தருவார். தாளைவிட அந்த எச்சில்தான் எனக்குப் பயம்.

இனி அந்தத் தட்டுக்கு வருகிறேன்.

எனக்கு எட்டு வயதிருக்கும். சம்பளத்துக்கு மறுநாள் அம்மா என்னை டவுனுக்குக் கூட்டிப்போனார். ஒரு கடையில் முன்னால் நின்றவருக்கு முதலாளி மிச்சத்தைக் கையில் கொடுத்தார். அம்மாவின் முறை வந்ததும் சில்லறையைக் கண்ணாடிப் பெட்டியின் மேல் வைத்து ஒரு விரலால் தள்ளினார். கொழுந்து கிள்ளிக் கிள்ளி வெடித்த விரலால் வழுக்கும் கண்ணாடியிலிருந்து காசை எடுக்க அம்மாவால் முடியவில்லை. ஓரத்துக்கு இழுத்து இழுத்து உள்ளங்கையில் விழவைத்தார். முதலாளி அந்த விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார். அவற்றிலிருந்த கறுப்பு அழுக்கல்ல, கொழுந்துச் சாற்றின் கறை. தண்ணீர் விழும் பீலிக்கரையில் சவுக்காரம் போட்டு எத்தனை தேய்த்தாலும் அது போகாது. உங்கள் கடைக்கு வருகிறவர்களின் கையிலும் அதுதான் இருக்கிறது.

உங்கள் கணவர் கெட்ட எண்ணத்தில் சொன்னதாக நான் நினைக்கவில்லை, பிள்ளைக்குப் பயந்து சொல்கிறார். ஆனால் அந்தத் தட்டு மகனைக் காப்பாற்றாது. ஆசிரியர் தரும் தாளும் லாரிக்காரர் தரும் தாளும் அதே பஸ்ஸிலும் அதே சந்தையிலும் சுற்றி வந்தவைதானே?

லாச்சியைப் பிள்ளைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். சில்லறையை வாயில் போடும் பழக்கம் இருந்தால் உடனே நிறுத்துங்கள், தொண்டையில் சிக்கிக்கொள்ளும். வடையைத் தொடும் கை காசைத் தொட வேண்டாம். ஒருவர்தான் கடையில் நிற்கிறீர்கள் என்றால் வடைக்கு இடுக்கி வையுங்கள். விரலை நக்கித் தாள் எண்ணாதீர்கள், ஈரப் பஞ்சு ஒன்று போதும். தாளை டெட்டோலில் ஊறவைக்கவும் வேண்டாம், பூச்சி முட்டைகள் அதற்கெல்லாம் அசையாது. கைக்குச் சவுக்காரமும் ஓடுகிற தண்ணீரும்தான் வேண்டும். அப்புறம், மகனின் நகத்தை ஒட்ட வெட்டி, மிட்வைஃபிடம் காட்டி அளவு கேட்டு மருந்து கொடுங்கள். கீரைப்பூச்சி என்றால் வீட்டில் எல்லாருமே ஒரே நாளில் எடுத்து, இரண்டு வாரம் கழித்து மறுபடியும் எடுக்க வேண்டும். மாமியாரும்தான்.

தட்டு வாங்க நினைத்த காசில் ஒரு குழாய் வைத்த வாளியும் சவுக்காரமும் வாங்கிக் கடை வாசலில் வையுங்கள். மழையில் நனைந்து வருகிறவர்கள் கையைக் கழுவிவிட்டுச் சுடச்சுட பிளேன்டீ குடிக்கட்டும். மிச்சத்தை அவர்கள் கையிலேயே கொடுங்கள்.

அன்புடன்,
அக்கா