மலைக்குப் போனால் எங்கே வரை நடப்பது?

கேள்வி: அண்ணா, ஓகஸ்ட் விடுமுறைக்கு மலைப்பக்கம் கூட்டிப்போகச் சொல்லிப் பிள்ளைகள் ஒரே கரைச்சல். மூத்தவனுக்கு 9 வயது, சின்னவளுக்கு 6. மாமியும் வருகிறா, அவவுக்கு முழங்கால் வருத்தம். ஓர்ட்டன் சமவெளிக்குப் போய் 'உலக முடிவை'ப் பார்க்காமல் வந்தால் போனதே வீண் என்கிறார்கள் பக்கத்து வீட்டார். வழிகாட்டியோடு நடக்கிற இடங்களும் இருக்கிறதாமே, அது எங்களுக்குச் சரிவருமா?
– வாசகி, கல்லடி

பதில்: தங்கச்சி, பக்கத்து வீட்டார் சொன்னதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். நானும் அப்படி யாரோ சொல்லித்தான் ஒரு வருஷம் போனேன். நுவரெலியாவில் தங்கி, பிள்ளைகளை எழுப்பி, தேத்தண்ணி குடித்து, ஆறுதலாக உள்ளே போய் நடந்து சேர 10 மணி தாண்டிவிட்டது. சுமார் 870 மீற்றர் ஆழப் பள்ளம் இருக்க வேண்டிய இடத்தில் நாங்கள் பார்த்தது வெள்ளைச் சீலை கட்டித் தொங்கவிட்டது போல மூடுபனி, அவ்வளவுதான். மறுகா திரும்பி நடக்க வேண்டுமே! சுற்றுப்பாதை 9 கிலோமீற்றருக்குக் கிட்ட வரும், மகள் பாதித் தூரம் என் தோளில்தான் வந்தாள். பிழை எங்களுடையது, அங்கே காலை 9 மணிக்கு முன்னரே விளிம்பில் நிற்க வேண்டும். ஆறு வயதுப் பிள்ளையையும் முழங்கால் வருத்தக்காரரையும் வைத்துக்கொண்டு அது நடக்கிற காரியமா என்று நீங்களே யோசியுங்கள்.

உங்களுக்கு நான் சொல்வது நக்கிள்ஸ் மலை, பழைய ஆட்கள் தும்பறை என்பார்கள். செங்கலடியில் பதுளை வீதியைப் பிடித்து மகாஓயா, பதியத்தலாவை, மகியங்கனை, அசலக்க என்று போய் 18 வளைவு ஏறினால் உன்னஸ்கிரிய. அங்கிருந்து மேலே ஏறினால் டீன்ஸ்டன், வனத் திணைக்களத்தின் பாதுகாப்பு நிலையம் அங்கே இருக்கிறது. பக்கத்திலேயே தொத்தலுகல நடைபாதை தொடங்குகிறது. முன்கூட்டியே கதைத்து வழிகாட்டி ஒருவரைக் கேளுங்கள், சின்னப் பிள்ளை வருகிறாள் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். உச்சி வரைக்கும் ஏற்றம், அங்கே போய்த்தான் ஆக வேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை. காட்டுக்குள் ஒரு மணித்தியாலம் போய்த் திரும்பினாலே பிள்ளைகளுக்குப் போதும்.

வழிகாட்டி எதற்கு என்று என் மனிசியும் முதலில் கேட்டவதான். நாங்கள் மட்டும் நடந்த பாதையில் மரம், மரம், மறுபடியும் மரம். அவரோடு நடந்தபோது ஒரு கொப்பில் இருந்த ஓணானைக் காட்டினார், மூக்கு நுனியில் சின்ன இலை ஒட்டியது போல இருந்தது. இந்த மலையைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லாத சாதி அது. பத்து நிமிடம் அதிலேயே நின்றோம், ஒருவரும் அசையவில்லை. தனியே போயிருந்தால் அந்தக் கொப்பைத் தாண்டிப் போயிருப்போம். பிள்ளைகள் இன்றைக்கும் சொல்வது அந்த ஓணான் கதைதான்.

மாமியை நிலையத்தடியில் ஒரு போர்வையோடும் சுடுதண்ணிப் போத்தலோடும் இருத்திவிடுங்கள், அவ சந்தோஷமாக இருப்பா. 18 வளைவுக்கு முன் பிள்ளைகளுக்கு வயிறு நிறையக் கொடுக்க வேண்டாம் (இதை அனுபவித்துச் சொல்கிறேன்). பாட்டாவோடு நடக்க விடாதீர்கள், பின்பக்கம் மூடிய சப்பாத்து வேண்டும். சாப்பாட்டை டப்பாவில் கொண்டுபோய் டப்பாவையே திருப்பிக் கொண்டுவாருங்கள், சொப்பிங் பேக் ஒன்றும் காட்டில் விழக்கூடாது.

கேள்வி: அட்டைக்கு என்ன செய்வது? என் மகள் அட்டை என்றாலே வரமாட்டேன் என்கிறாள்.
– வாசகர், அக்கரைப்பற்று

பதில்: ஓகஸ்டில் மலையின் எங்கள் பக்கச் சரிவு காய்ந்திருக்கும், அட்டையும் குறைவு. வாடைக்காலத்தில், அதாவது மார்கழி விடுமுறையில் போனால்தான் கூட்டமாக வரும், மண்சரிவுப் பயமும் அப்போதுதான். நீளச் சொக்ஸுக்குள் களிசான் காலை விட்டு, மேலே சவர்க்காரம் பூசுங்கள். கடித்துவிட்டால் பிய்த்து இழுக்காமல் நகத்தால் வாய்ப்பக்கத்தை மெல்லத் தள்ளினால் விழுந்துவிடும். இரத்தம் உறையாமல் இருக்க அது ஒன்றைச் செலுத்துவதால் கொஞ்ச நேரம் ஒழுகும், கழுவி அழுத்திப் பிடித்தால் நிற்கும். மகளிடம் ஒளிக்காமல் முதலே சொல்லிக் கூட்டிப்போங்கள்.

கேள்வி: ஓகஸ்டில் இங்கே கச்சான் காற்று கொளுத்துகிறது. மலையில் மட்டும் எப்படிக் குளிர்கிறது? (நான் 8ஆம் வகுப்பு.)
– வாசகி, வெல்லாவெளி

பதில்: நல்ல கேள்வி மகள், இந்த மாதம் வந்ததில் இதுதான் எனக்குப் பிடித்தது. எங்களைச் சுடுகிற காற்றும் அந்த மலையைக் கடந்துதான் வருகிறது. தென்மேல் பருவக்காற்று கடலில் இருந்து ஈரத்தோடு வந்து மலையின் மேற்குச் சரிவில் ஏறும்போது குளிர்ந்து, மழையாகக் கொட்டுகிறது. நீராவி மழையாக மாறும்போது வெப்பத்தை வெளிவிடுவதால் காற்று ஏறும்போது அவ்வளவாகக் குளிர்வதில்லை. மழையை அங்கேயே விட்டுவிட்டு இந்தப் பக்கம் இறங்கும்போது ஒவ்வொரு 100 மீற்றருக்கும் கிட்டத்தட்ட 1 பாகை சூடாகிறது. ஏறியபோது குறைந்ததை விட இறங்கும்போது கூடியது அதிகம். அதனால்தான் வெல்லாவெளிக்கு வரும்போது அடுப்புக்காற்றாக இருக்கிறது. (கடலைக் கச்சானுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று அடுத்த மாதம் கேட்காதே!) இன்னொன்று, நக்கிள்ஸ் மலை ஓடைகள் மகாவலியில் விழுகின்றன, மகாவலியின் ஒரு கிளைதான் வெருகல் ஆறு. வெருகல் திருவிழாவுக்குப் போய் ஆற்றில் கால் நனைத்திருந்தால் அந்த மலைத் தண்ணீரையும் தொட்டிருக்கிறாய்.

கேள்வி: வழிகாட்டிகளுக்குத் தமிழ் தெரியுமா? எங்களுக்குச் சிங்களம் சுத்தமாக வராது.
– வாசகர், மண்டூர்

பதில்: பெரும்பாலும் சிங்களம்தான், முன்கூட்டிக் கதைக்கும்போதே தமிழ் தெரிந்தவர் இருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் வான் சாரதியை நடைக்கும் கூட்டிக்கொள்ளுங்கள், எங்கள் பக்கத்துச் சாரதிமாருக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு, ஆனால் அவருக்கும் சப்பாத்து வேண்டும், செருப்போடு வந்துவிடுவார். பிள்ளைகளுக்கு இரண்டு வசனம் பழக்கிவிடுங்கள். 'ஹெமின் யமு' என்றால் மெதுவாகப் போவோம், 'மே மொகத்த' என்றால் இது என்ன. இரண்டாவதை எங்கள் மகள் அன்று எத்தனை தரம் கேட்டாள் என்று எண்ணவில்லை, அந்த மனிசன் ஒன்றுக்கும் சலிக்காமல் பதில் சொன்னார்.