லிப்போவுக்கு மாறியதும் ஒரு பக்கம் மட்டும் சுழலும் ஆர்சி கார்: தராசு செட் வாங்கலாமா?

கேள்வி: என்னிடம் 1/10 அளவு தாமியா டிடி-02 ரிமோட் கார் இருக்கிறது. பழைய நிக்கல் பேட்டரியை எடுத்துவிட்டு லிப்போ (லித்தியம் பாலிமர் பேட்டரி) போட்டதிலிருந்து, இடது வளைவில் ஒழுங்காகத் திரும்பும் கார், வலது வளைவில் பின்பக்கம் வழுக்கிச் சுழன்றுவிடுகிறது. நாலு சக்கரத்துக்கும் தனித்தனியாக எடை காட்டும் தராசு செட்டும் அலுமினிய பாகங்களும் வாங்கச் சொல்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம். முதலில் பின் டயர்களை இடம் வலமாக மாற்றிப் போட்டு ஓட்டிப் பாருங்கள். சுழல்வதும் பக்கம் மாறினால் கோளாறு டயரில். மாறாவிட்டால் எடையைப் பார்க்கலாம்.

டிடி-02-இல் பேட்டரி நடுவில் இல்லை, சேஸியின் ஒரு பக்கமாக நீளவாக்கில் கிடக்கிறது. ஆறு செல் நிக்கல் பேட்டரி பலவும் 350 கிராமைத் தாண்டும். ஹார்ட்கேஸ் (கெட்டியான பிளாஸ்டிக் உறை போட்ட) லிப்போ பெரும்பாலும் 250 முதல் 300 கிராம்தான். குறைந்த எடை முழுவதும் ஒரே பக்கத்தில் குறைந்திருக்கிறது.

இதை அளக்க ஒரு கிராம் வரை காட்டும் சமையலறை டிஜிட்டல் தராசு போதும். அதன்மேல் ஒரு பலகையை வைத்துப் பூஜ்ஜியமாக்கி, இடது சக்கரங்கள் இரண்டையும் ஏற்றுங்கள். வலது சக்கரங்களுக்கு அடியில் அதே உயரத்துக்குப் புத்தகங்களை அடுக்குங்கள். பேட்டரி, பாடி எல்லாம் மாட்டியிருக்க வேண்டும். அப்புறம் பக்கம் மாற்றி அளந்து ஒப்பிடுங்கள்.

ஒன்றைக் கட்டாயம் நினைவில் வையுங்கள். இடது, வலது மொத்த எடையை ஸ்பிரிங்கால் மாற்ற முடியாது, பொருள் இருக்கும் இடம்தான் அதைத் தீர்மானிக்கிறது. ஸ்பிரிங்கை இறுக்கினால் மூலைக்கு மூலை சுமை மாறும், அவ்வளவே. இது தெரியாமல் பக்க எடையைச் சரிசெய்ய ஸ்பிரிங்கைத் திருகுகிறவர்கள், இல்லாத ட்வீக்கை (மூலைக்கு மூலை சுமை ஏற்றத்தாழ்வை) புதிதாக உண்டாக்கிவிடுகிறார்கள்.

லேசான பக்கத்துக்கு ஈயம் ஒட்டுங்கள். டயர் கடையில் வீல் பேலன்சிங்குக்கு ஒட்டும் துண்டுகளே நன்றாக இருக்கும். நடுக்கோட்டிலிருந்து 3 செ.மீ. தள்ளி 100 கிராம் குறைந்திருந்தால், அதை 5 செ.மீ. தள்ளி 60 கிராம் ஈடுகட்டும். ஆகவே முடிந்தவரை வெளியே, முடிந்தவரை தாழ்வாக ஒட்டுங்கள். அதற்கும் முன்னால் ரிசீவரையும் இஎஸ்சியையும் (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி) நடுவை நோக்கி நகர்த்த முடிகிறதா என்று பாருங்கள். காரில் ஏற்றாமல் விட்ட ஈயம்தான் நல்ல ஈயம்.

பக்க எடை சரியானதும் ட்வீக் சோதனை. காரை இரண்டு முறை அமுக்கிவிட்டு, பின்பக்கத்தை நடுக்கோட்டில் ஸ்குரூடிரைவர் முனையால் மெல்லத் தூக்குங்கள். இரு பின் சக்கரமும் ஒரே நேரத்தில் மேசையை விட்டு எழ வேண்டும். முன்பக்கத்தையும் இப்படியே பாருங்கள். ஒன்று முந்தினால் ஸ்பிரிங் ஸ்பேசர்கள் இரு பக்கமும் ஒன்றா, டேம்பர் (அதிர்வு தாங்கி) நீளம் சமமா, சக்கரத்தைத் தாங்கும் ஆர்ம் எங்காவது இறுகுகிறதா என்று தேடுங்கள்.

சாதாரண கிட்டில் வரும் எண்ணெய் இல்லாத ஃபிரிக்‌ஷன் டேம்பர் என்றால், ஒவ்வொரு முறையும் வேறு உயரத்தில் நிற்கும், இந்தச் சோதனையே பொய் சொல்லும். காசு போட வேண்டிய இடம் அதுதான்: எண்ணெய் டேம்பர் செட் ஒன்று. கிட்டில் பேரிங்குக்குப் பதில் புஷ் (குண்டுகள் இல்லாத வெறும் வளையம்) வந்திருந்தால், 11x5 மி.மீ. பேரிங்குகளும் சேர்த்து வாங்குங்கள். நாலு தராசு செட், கிளப் பந்தயத்துக்கு அடிக்கடி போய் வாராவாரம் செட்டப் மாற்றுகிறவருக்கு நேரத்தை மிச்சப்படுத்தும், அப்போது வாங்கலாம். அலுமினிய பாகங்களில் பலவும் எடையைத்தான் கூட்டும்.

லிப்போவுக்கு மாறிவிட்டீர்கள், உங்கள் இஎஸ்சியில் லிப்போ கட்-ஆஃப் (பேட்டரி அளவுக்கு மீறி வடியுமுன் மோட்டாரை நிறுத்தும் வசதி) இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் பேலன்ஸ் பிளக்கில் செருகும் வோல்டேஜ் அலாரம் ஒன்றை இன்றைக்கே வாங்கிவிடுங்கள்.