ஷெர்லக் ஹோம்ஸ்: கெட்டிக்காரர்தான், ஆனால் தெரிந்ததைச் சொல்லமாட்டார்

“ஷெர்லக் ஹோம்ஸ் மாதிரி அபார மூளை, ஆனால் மனிதரோடு பழகத் தெரியாது. இப்படிப்பட்ட துப்பறிவாளரின் பலம் என்ன, குறை என்ன?” என்பது கேள்வி.

நான் படுவான்கரையில் கிராம உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, வயலும் மேய்ச்சல் தரையுமாகக் கிடக்கும் பக்கம். ஜீ.எஸ். (கிராம உத்தியோகத்தரை ஊரில் அப்படித்தான் சொல்வார்கள்) துப்பறிவாளர் இல்லைதான். ஆனால் வேலி நகர்ந்துவிட்டது, மாட்டைக் காணவில்லை, வாடியில் வைத்த தண்ணீர்ப் பம்பியைக் காணவில்லை என்றால் பொலிசுக்குப் போகுமுன் சனம் வந்து நிற்பது அவர் மேசைக்கு முன்னால்தான். அதனால் ஹோம்ஸ் கதைகளை நான் கொஞ்சம் தொழில் பொறாமையோடுதான் வாசித்திருக்கிறேன்.

என் எண்ணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவருடைய திமிர்ப் பேச்சால் பெரிதாக யாரும் கெட்டுப்போகவில்லை. தெரிந்ததை உரியவரிடம் சொல்லாமல், தனக்குப் பிடித்த நேரம் வரும்வரை பொத்தி வைத்திருப்பாரே, அதுதான் ஆட்களை வதைத்தது.

பலத்தைப் பற்றிப் பேசும்போது எல்லாரும் மூளையைச் சொல்வார்கள். எனக்கு முதலில் தெரிவது அவருடைய முழங்கால். தரையில் குந்தி, படுத்து, உருப்பெருக்கிக் கண்ணாடியோடு ஊர்ந்து பார்க்கிற மனிதர் அவர். 1887இல் வந்த முதல் கதையிலும், 1891இல் வந்த பொஸ்கம் பள்ளத்தாக்குக் கதையிலும், பொலிசார் வந்து தடயத்தை மிதித்துவிட்டதை எருமைக் கூட்டம் போனதற்கு ஒப்பிட்டுத் திட்டுகிறார். இலண்டன்காரர் எருமையை எங்கே கண்டாரோ தெரியாது, படுவான்கரையில் யாருக்கும் அந்தத் திட்டை விளக்க வேண்டியதில்லை. களவு நடந்த இடத்துக்கு நாங்கள் போவதற்குள் ஊரில் பாதி அங்கே நின்று கதைத்துக்கொண்டிருக்கும். அடி பார்ப்பதற்கு மண்ணில் ஒன்றும் மிஞ்சியிருக்காது.

1904இல் வந்த ‘பிரயரி ஸ்கூல்’ கதையில் ஒரு பையன் பாடசாலையிலிருந்து காணாமல் போகிறான். வெளியெங்கும் மாட்டு அடி. ஆனால் ஒரு மாட்டைக்கூடக் காணவில்லை. அந்த அடிகள் விழுந்திருக்கும் வரிசையைப் பார்த்தால் நடை, ஓட்டம், பாய்ச்சல் என்று மூன்றும் இருக்கின்றன. முறைக்கு எனக்கு மாமாவான ஒரு பட்டிக்காரர் இருந்தார், பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர். அவரிடம் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டு போனேன். முடிவுக்கு வருமுன்னரே குறுக்கே விழுந்தார்: “மாடு வெருண்டா ஓடும் மருமகன், ஆனா இப்பிடிப் பாயாது. ஆரோ குதிரைக்கு மாட்டுக் குளம்பு செஞ்சு போட்டிருக்கான். மறுகா என்ன, பொடியன் கிடைச்சானா?” கதையிலும் அதேதான், மாட்டுக் குளம்பு போல் செய்த லாடம். ஹோம்ஸின் திறமை மந்திரமில்லை என்று எனக்குப் பட்டது அன்றுதான். பார்க்கிறதையே தொழிலாக வைத்திருப்பவருக்கு வருகிற திறமை அது. கதைகளை எழுதிய கொனன் டொயிலுக்கும் அது எடின்பரோவில் தனக்கு மருத்துவம் படிப்பித்த ஜோசப் பெல்லிடமிருந்து கிடைத்ததுதான். பெல் நோயாளியைப் பார்த்த மாத்திரத்தில் அவருடைய தொழிலையும் அவர் இருந்த ஊரையும் சொல்லிவிடுவாராம்.

அதே கதையில் ஒரு ஓட்டையும் இருக்கிறது. சேற்றில் பதிந்த சைக்கிள் தடத்தைப் பார்த்து, பின்சில்லின் ஆழமான தடம் முன்சில்லின் தடத்தை வெட்டிப் போகிறது, ஆகவே இது பாடசாலையிலிருந்து வெளியே போன சைக்கிள் என்கிறார் ஹோம்ஸ். எந்தப் பக்கம் போனாலும் பின்சில்லு முன்சில்லின் தடத்தை வெட்டத்தான் செய்யும். கல்லடிக் கடற்கரையில் ஈரமணலில் ஓட்டிப் பார்த்தால் யாருக்கும் விளங்கும். வாசகர்கள் எழுதிக் கேட்டதால் கொனன் டொயிலே சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்ச் சோதித்து, அவர்கள் சொன்னதுதான் சரி என்று பின்னாளில் எழுதினார். மேடு பள்ளம் இருந்தால் தடத்தின் ஆழத்தை வைத்துத் திசை சொல்லலாம் என்றும் சேர்த்துக்கொண்டார்.

தொப்பி பெரிதாக இருந்தால் தலை பெரிது, தலை பெரிதானால் அறிவும் பெரிது என்று ‘புளூ கார்பங்கிள்’ கதையில் சொல்வதும் இந்த வகைதான். தூசி படிந்த அதே தொப்பியைப் பார்த்து மனைவிக்கு இவர்மேல் பாசம் போய்விட்டது என்றும் முடிவு கட்டுகிறார். எழுத்தாளர் பக்கத்தில் இருப்பதால் எல்லாம் சரியாக வருகிறது. சாறனில் சேறு கண்டு ‘இவர் வயலுக்குப் போனவர்’ என்று சொல்லலாம், ஆனால் மார்கழி மழையில் எங்கள் பக்கம் வாத்தியாரின் சாறனிலும் சேறுதான்.

பழகத் தெரியாதவர் என்பதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். தொலைக்காட்சியில் வந்தவரைப் பார்த்துவிட்டுச் சொல்கிறார்கள். கதையில் உள்ளவருக்கு நன்றாகப் பழகத் தெரியும். பயந்து நடுங்கி வருகிற பெண்ணைக் கணப்படுப்புக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, சூடாகக் கோப்பி கொடுக்கச் சொல்வார். குதிரைக்காரன் வேஷம் போட்டு லாயத்தில் இருப்பவர்களோடு கதைத்து ஒரு வீட்டின் முழு வரலாறையும் எடுத்துவிடுவார். ‘சொலிட்டரி சைக்கிளிஸ்ட்’ கதையில் அவருடைய கூட்டாளி டொக்டர் வாட்சன் தனியாக விசாரித்துவிட்டு வரும்போது, ஊர்க்கதை எல்லாம் சேருகிற மதுக்கடைக்குப் போகாமல் வேறெங்கோ போய் விசாரித்திருக்கிறாயே என்று கடிந்துகொள்கிறார். எங்கள் ஊரில் என்றால் தேத்தண்ணிக் கடைக்குப் போகாமல் கந்தோரில் விசாரித்ததற்குச் சமம். புதிதாக ஒருவர் வந்தால் எங்கள் பக்கம் முதலில் கேட்பது எந்த ஊர், யாருடைய மகன், முன்பெல்லாம் தாய்வழியில் என்ன குடி என்றுகூட. ஹோம்ஸ் அதற்கும் ஒரு பதிலைத் தயாரித்துக்கொண்டு வந்து, சிரித்துக்கொண்டே சொல்லுவார். என்னைப் பயமுறுத்துவது அதுதான்.

மில்வர்ட்டன் என்ற மிரட்டிப் பணம் பறிக்கிறவனின் வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று அறிய, குழாய் திருத்துகிறவன் வேஷத்தில் போய் அந்த வீட்டு வேலைக்காரப் பெண்ணோடு கல்யாணமே நிச்சயம் செய்துகொள்கிறார். வாட்சன் திடுக்கிட்டு அந்தப் பெண்ணின் கதி என்ன என்று கேட்டால், தோளைக் குலுக்கிவிட்டு, அவளுக்கு ஆசைப்படுகிற இன்னொருவன் இருக்கிறான், நான் விலகினால் அவன் வந்துவிடுவான் என்கிறார். நல்ல காரியத்துக்குத்தான் செய்தார், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பழகத் தெரியாதவன் செய்கிற வேலை இல்லை இது. பழக்கத்தை வேலைக்கு எடுத்து, வேலை முடிந்ததும் வைத்துவிட்டுப் போகிறவன் செய்கிறது.

இன்னொரு பலத்தையும் சொல்லவேண்டும், ஏனென்றால் எங்கள் பக்கத்தில் அது அபூர்வம். அவர் வீட்டில் எல்லாருக்கும் ஒரே கதிரை. வயல் சொந்தக்காரரான போடியார் வந்தால் உள்ளே, அவர் வயலில் வேலை செய்யும் முல்லைக்காரன் வந்தால் விறாந்தைப் படியில் என்ற கணக்கு இல்லை. பொஹீமிய அரசர் முகமூடி போட்டுக்கொண்டு வந்தபோது கொஞ்சமும் அசையவில்லை. தட்டச்சு செய்து பிழைக்கிற பெண் வந்தபோது அவள் சட்டைக் கையில் மேசை விளிம்பு பட்ட தழும்புவரை கவனித்து, பொறுமையாக முழுக்கதையும் கேட்டார்.

அந்தத் தட்டச்சுப் பெண்ணின் கதைதான் என் வழக்குக்கு முதல் சாட்சி. 1891இல் வந்த ‘எ கேஸ் ஒஃப் ஐடென்டிட்டி’. மேரி சதர்லண்ட் என்ற அந்தப் பெண்ணுக்குத் தன் பேரில் வருடத்துக்கு நூறு பவுண் வருமானம் இருக்கிறது. அவள் கல்யாணம் செய்துகொண்டு போனால் காசும் போய்விடும். ஆகவே தாயின் இரண்டாவது கணவனான அவளுடைய சிறிய தகப்பனே கறுப்புக் கண்ணாடியும் ஒட்டுமீசையும் வைத்து, குரலை மாற்றி, அவளைக் காதலித்து, என்ன நடந்தாலும் உனக்காகக் காத்திருப்பேன் என்று சத்தியமும் வாங்கிக்கொண்டு, கல்யாண நாளில் மறைந்துவிடுகிறான். ஹோம்ஸ் இருந்த இடத்திலிருந்தே இதைக் கண்டுபிடிக்கிறார். அவனை வரவழைத்து முகத்துக்கு நேரே சொல்கிறார். சட்டம் அவனைத் தொடாது என்பதால் சவுக்கை எடுக்கப் போக, அவன் ஓடிவிடுகிறான்.

சரி, அந்தப் பெண்ணுக்கு? ஒன்றும் சொல்லவில்லை. சொன்னாலும் நம்பமாட்டாள் என்று விட்டுவிடுகிறார்.

யோசித்துப் பாருங்கள். பத்து வருடமாவது இவள் வேறு ஆணைப் பார்க்கக் கூடாது என்பதுதான் அந்தத் தகப்பனின் திட்டம். ஹோம்ஸ் வாயை மூடியதோடு அந்தத் திட்டம் ஒரு குறையுமில்லாமல் நிறைவேறுகிறது. காரியம் பார்த்துத் தரச் சொல்லி வந்தவள் அவள். அவளைத் தவிர அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் உண்மை தெரியும். நம்பமாட்டாள் என்பது காரணமே இல்லை. நான் மேசையில் இருந்த காலத்தில், உங்கள் காணி உறுதி செல்லாது என்று சொன்னால் யாரும் முதலில் நம்பியதில்லை. கோபித்துக்கொண்டு போவார்கள், மச்சானைக் கூட்டிக்கொண்டு திரும்பி வருவார்கள், அப்புறம் மெல்ல மெல்ல ஏற்பார்கள். அந்தத் திரும்பி வரும் நாளுக்கு இருந்து பதில் சொல்ல ஹோம்ஸுக்குப் பொறுமை இல்லை. மணலில் மணிக்கணக்காக ஊர்கிற அதே மனிதருக்கு.

பாஸ்கர்வில் கதையில் சேர் ஹென்றியை நாய்க்கு இரையாக நடக்கவிடுகிறார். அது நடக்கும்வரை வாட்சனுக்கும் இலண்டன் பொலிசுக்கும்கூட முழுத்திட்டம் தெரியாது. மனிதர் உயிர் தப்பினார், ஆனால் நரம்பு தளர்ந்து நீண்ட கடற்பயணம் போய்த்தான் தேறவேண்டி வந்தது. நோயாளியாக நடிக்கும் கதையில், வீட்டுக்கார அம்மா ஹட்ஸன் அழுதுகொண்டு ஓடுகிறார். வாட்சன் கிட்டே வந்தால் நடிப்பு பிடிபட்டுவிடும் என்பதால், நீ அரைகுறை டொக்டர் என்கிற மாதிரிப் பேசித் தள்ளி நிறுத்துகிறார்.

எனக்கு வாசிக்கக் கஷ்டமானது ‘எம்ப்டி ஹவுஸ்’. சுவிட்சர்லாந்தின் ரைஹன்பாக் நீர்வீழ்ச்சியில் 1891இல் செத்துப்போனதாக நினைக்கப்பட்ட ஹோம்ஸ், மூன்று வருடம் கழித்துக் கிழட்டுப் புத்தக வியாபாரி வேஷத்தில் வாட்சனின் அறைக்குள் வந்து, திரும்பிப் பார்க்கும் ஒரு கணத்தில் வேஷத்தைக் கலைக்கிறார். வாட்சன் மயங்கி விழுகிறார். இதை ரசித்துச் சிரிப்பவர்கள் உண்டு. மட்டக்களப்பில் இருந்து வாசிக்கிறவருக்குச் சிரிப்பு அவ்வளவு இலகுவாக வராது. காணாமல் போன பிள்ளையின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு வீதியோரம் இருக்கும் தாய்மாரை நாங்கள் வருடக்கணக்காகப் பார்க்கிறோம். மரணச் சான்றிதழ் எடுத்தால் உதவிக் காசு வரும் என்று சொல்லியும், அதை எடுக்க மறுத்து எழும்பிப் போன அம்மாக்களை நான் கண்டிருக்கிறேன். தெரியாமல் இருப்பது என்ன செய்யும் என்று அறிந்தவனுக்கு, அண்ணன் மைக்ரொஃப்டுக்கு மட்டும் சொல்லிவிட்டு வாட்சனை மூன்று வருடம் அப்படியே விட்டது வேடிக்கையாகத் தெரியாது. நீ பாசத்தில் உளறிவிடுவாய் என்று பயந்தேன் என்கிறார் ஹோம்ஸ். உளறாமல் இருக்கத் தெரிந்தவர் வாட்சன், வேண்டிய வழக்குகளில் இரகசியம் காத்தவர். வாட்சனோ உடனே மன்னித்துவிடுகிறார். நான் என்றால் தேத்தண்ணி கொடுத்திருக்கமாட்டேன்.

மற்றக் குறைகளை நான் பெரிதாக எடுக்கவில்லை. ஏழு வீதக் கொக்கெய்ன் கரைசல் கெட்ட பழக்கம்தான். அக்காலத்தில் இங்கிலாந்தில் அது சட்டவிரோதம் இல்லை. வேலையில்லாத நாளில் சும்மா இருக்க முடியாத நோய் அது, பின்னாளில் வாட்சன் மெல்ல மெல்ல விடவைத்தார். பூமி சூரியனைச் சுற்றுவது தெரியாது என்று முதல் கதையில் சொன்னதை நான் நம்பவில்லை, வாட்சனைச் சீண்டியிருக்கிறார் என்றே நினைக்கிறேன்.

குற்றவாளியை அவர் விட்டுவிடுவதையும் குறை என்பார்கள். நீலக்கல்லைத் திருடியவன் அழுதபோது, இவனைச் சிறைக்கு அனுப்பினால் காலமெல்லாம் சிறைக்குப் போய்வருகிறவனாகிவிடுவான் என்று கதவைத் திறந்துவிடுகிறார். எனக்கு அது பிடிக்கும். எங்கள் ஊரிலும் பம்பியைத் தூக்கியது சொந்தப் பெறாமகன் என்று தெரிந்தால், விடியுமுன் அது வாடியில் திரும்ப இருக்கும், பொலிசுக்கு யாரும் போகமாட்டார்கள். ஒரு வித்தியாசம், பம்பிக்காரருக்கு உண்மை தெரிந்திருக்கும்.

அவர் இரும்பு மனிதர் என்றும் நான் சொல்லமாட்டேன். ‘சிக்ஸ் நெப்போலியன்ஸ்’ கதையில், ஸ்கொட்லண்ட் யார்டில் உங்கள்மேல் எங்களுக்குப் பொறாமை இல்லை, பெருமைதான் என்று இலண்டன் பொலிஸ் அதிகாரி லெஸ்ட்ரேட் சொல்லும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். வாட்சனுக்குக் காலில் துப்பாக்கிச் சூடு பட்ட நாளில் ஹோம்ஸின் உதடு நடுங்குகிறது. பெயருக்கு அலைகிறவரும் இல்லை, 53 வழக்கில் 49இன் புகழ் பொலிசுக்கே போனது என்று ஒரு கதையில் அவரே சொல்கிறார்.

‘யெலோ ஃபேஸ்’ கதையில் முழுக்க முழுக்கத் தவறாக ஊகித்துவிட்டு, இனி நான் அளவுக்கு மிஞ்சி என்னை நம்பினால் அந்த ஊரின் பெயரை, நோர்பரி என்று, என் காதில் சொல்லு என்று வாட்சனிடம் கேட்டுக்கொள்கிறார். கெட்டிக்காரர் ஒருவர் இப்படிக் கேட்பது பெரிய விஷயம். ஆனால் அதற்குப் பிறகு வந்த எந்தக் கதையிலும் வாட்சன் ஒருதரமாவது அந்தப் பெயரைச் சொன்னதாக இல்லை. மேரி சதர்லண்டின் கதை அதற்கு முன்னரே வந்துவிட்டது, ‘எம்ப்டி ஹவுஸ்’ 1903இல் வந்தது. அன்று மயக்கம் தெளிந்து எழும்பியதும் வாட்சன் சொல்லியிருக்கலாம்.